தடைக்காடும் நடைபாதையும்

கண்டித் தலதா மாளிகையின் பின்னே எழும் குன்றில் உடவத்தகெலே என்னுங் காடு விளங்குகின்றது. கண்டியரசர் காலத்தில் இஃது அரச குடும்பத்தாரின் இன்பச் சோலை. குடிமக்கள் உட்புகலாகாமையின் 'தகன்சிகெலே', அதாவது தடைக்காடு, என்றும் வழங்கிற்று. அரசர் நீராடிய குளம் இன்றும் அதனுள் உண்டு.

1815 இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசன் போனான், அவன் இட்ட தடையும் போயிற்று. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த றொபேட் வில்மட் ஹோட்டனின் மனைவியார் பெயரால் இக்காட்டில் ஒரு நடைபாதை வழங்குகின்றது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1814 இல் எழில் நடை பாடியது இவ்வம்மையாரைக் கண்டே.

பின்னர் மலைநாட்டுக் காடுகள் பல கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டுண்டன. இக்காடோ 1856 இல் ஒதுக்குக்காடாகவும், 1938 இல் சரணாலயமாகவும் காவல் பெற்றது. இதன் பரப்பு ஏறக்குறைய 104 எக்டேயர்.

மன்னன் காவல் மக்களை வெளியே நிறுத்திற்று. சட்டத்தின் காவல் அவர்களை உள்ளே அழைக்கின்றது. அழைக்கப்பட்டோர்க்கு ஒரு கடமையும் உண்டு. மரத்தைக் கீறாமலும், குப்பையை விட்டுச் செல்லாமலும், பறவையின் அமைதியைக் குலைக்காமலும் நடப்பவரே இன்று அக்காட்டின் காவலர். அவர் தவறின், மீண்டும் தடை ஒன்றே வழியாகும்.