திருவுளச்சீட்டும் நாட்குறிப்பும்: நிக்கோபார்த் தீவுகளின் கிறித்தவ வாழ்வில் இறைவிருப்பம் அறிதல்

முன்னுரை

இறைவனின் விருப்பம் இன்னதென அறிந்து அதன்வழி ஒழுகுதல் கிறித்தவ வாழ்வியலின் அடிப்படைக் கூறாகும். இதனை இறையியலார் கோட்பாடாக விளக்குவர். ஆயின் நாள்தோறும் உழைத்து உண்டு நோயுற்று மடியும் மாந்தர் அதனை எவ்வாறு அறிந்தனர், எவ்வாறு கீழ்ப்படிந்தனர் என்பது வரலாற்று வினா ஆகும். தமிழகத்தோடு நெடுங்காலத் தொடர்புடைய நிக்கோபார்த் தீவுகளைக் களமாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்து சென்ற மொரேவிய சகோதரர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரில் பணியாற்றிய தமிழரான வேதப்பன் சாலமன், அவர்வழி வந்த பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் ஆகியோரின் வாழ்வு இங்கு ஆய்வுப் பொருளாகின்றது.

தமிழ் மரபில் நக்கவாரம்

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' எனச் சுட்டுவது நிக்கோபார்த் தீவுகளையே என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்தாகும். மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதையில், கலமுடைந்து கரைசேர்ந்த சாதுவன் நாகர் தலைவனுக்கு அறம் உரைக்கும் நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. அந்நாகர் நாட்டை நக்கவாரத்தோடு இணைத்துக் காண்பாரும் உளர். அவ்வடையாளம் எவ்வாறாயினும், அக்காதையில் ஒன்று கருதத்தக்கது. சாதுவன் அவர்தம் மொழியை அறிந்திருந்தமையாலேயே உயிர் பிழைக்கின்றான். கொல்லாமையை வலியுறுத்தும் அவன், மூத்துத் தானே இறந்த விலங்கின் ஊனுக்கு விலக்கும் அளிக்கின்றான். அறத்தை உரைப்போன் கேட்போரின் மொழியையும் வாழ்நிலையையும் கருத்திற் கொள்ள வேண்டும் என்னும் உண்மை இதனாற் பெறப்படும். பின்னர் வந்த கிறித்தவப் பணியாளரின் வெற்றியும் தோல்வியும் இவ்வுண்மையைச் சுற்றியே அமைந்தன.

சித்தம், திருவுளம், சீட்டு

சீர்திருத்தத் திருச்சபையின் தமிழ் விவிலியம் 'சித்தம்' என்னும் சொல்லைப் பெரிதும் ஆள்கின்றது. கத்தோலிக்க வழக்கிலும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பிலும் 'திருவுளம்' என்னும் சொல் சிறப்பிடம் பெறுகின்றது. இச்சொல் சைவ வைணவ வழக்கிலும் உண்டு. இறைவனின் உள்ளக் கருத்தை அறியக் குலுக்கி எடுக்கும் ஓலையையோ தாளையோ 'திருவுளச்சீட்டு' எனத் தமிழர் வழங்கினர். தற்செயல் எனப் பிறர் கொள்வதை இறைவனின் செயல் எனக் கொண்ட மனநிலையை இச்சொல்லே காட்டிவிடுகின்றது.

சீட்டுமுறை அறிவுக்கு மாற்றாக அமைந்ததன்று என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறையில், நிலவுடைமை, வயது, கல்வி, ஒழுக்கம் ஆகிய தகுதிகளை ஆராய்ந்த பின்னரே பெயர்கள் குடத்தில் இடப்பட்டன. விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலிலும் யூதாசின் இடத்தை நிரப்ப, தகுதியுடைய இருவரை முதலில் நிறுத்தியே சீட்டுப் போட்டு மத்தியாவைத் தெரிந்தனர். தூய ஆவியாரின் வருகைக்குப் பின் அந்நூலில் சீட்டுப் போடும் செய்தி மீண்டும் இடம்பெறவில்லை. பதினைந்தாம் இயலில் எருசலேமில் கூடிய அவை ஆராய்ந்தே முடிவு செய்கின்றது. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் பன்னிரண்டாம் இயலில் பவுல், புதுப்பிக்கப்பட்ட மனத்தால் இறைவிருப்பத்தைத் தேர்ந்து தெளியுமாறு அறிவுறுத்துகின்றார். எனவே சீட்டு, மனத்தெளிவு, அவை என்னும் மூவகை வழிகள் கிறித்தவத்தின் தொடக்கத்திலேயே காணப்படுகின்றன எனலாம்.

தரங்கம்பாடியிலிருந்து நான்கௌரிக்கு

டேனியர் தரங்கம்பாடியைத் தளமாகக் கொண்டு 1750களின் இடைப்பகுதியில் நிக்கோபாரில் குடியேற்றம் தொடங்கினர். காய்ச்சலால் அம்முயற்சி நலிந்தது. மொரேவிய சகோதரர்கள் 1760ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து 'சகோதரர் தோட்டம்' என்னும் குடியிருப்பை அமைத்தனர். 1706 முதல் அங்குப் பணியாற்றிய லுத்தரன் மறைப்பணியாளர் இவர்களை விருப்புடன் வரவேற்கவில்லை. 1768ஆம் ஆண்டு சகோதரர்கள் நான்கௌரித் தீவில் குடியேறினர்.

இச்சபையினர் செர்மனியின் எர்ன்கூட் ஊரில் சின்சென்டார்ப் பிரபுவின் ஆதரவில் வளர்ந்தவர்கள். அலுவலர் தெரிவு, திருமணம், பணிக்கு அனுப்புதல் போன்ற செய்திகளில் சீட்டுப் போட்டு இறைவிருப்பம் அறிதல் இவர்தம் நிலையான வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விவிலிய வசனத்தைச் சீட்டின் மூலம் தெரிந்து வழங்கும் 'நாள்வசனம்' 1731 முதல் நூலாக அச்சிடப்பட்டு இன்றும் தொடர்கின்றது. வாழ்வின் சிறு செயலும் இறைவனின் கண்காணிப்பில் உள்ளது என்னும் உறுதிப்பாட்டின் வெளிப்பாடாக இதனைக் கொள்ளலாம்.

நான்கௌரியில் நேர்ந்தவற்றை, அங்குப் பல்லாண்டு வாழ்ந்த ஹென்செல் பின்னாளில் கடிதங்களாக எழுதினார். 1812இல் இலண்டனில் நூலாக வெளிவந்த அக்கடிதங்கள், காட்டைத் திருத்திப் பயிரிட்டதையும், சிப்பி முதலிய இயற்கைப் பொருள்களைத் திரட்டி விற்றுச் செலவை ஈடுசெய்ததையும், தீவினரின் மொழியைக் கற்பதிற் பட்ட இடர்ப்பாட்டையும் கூறுகின்றன. பதினொருவர் நான்கௌரியிலும், பதின்மூவர் தரங்கம்பாடிக்குத் திரும்பிய சிறிது காலத்திலும் இறந்தனர் என அவர் கணக்கிடுகின்றார். 1787ஆம் ஆண்டு அப்பணி கைவிடப்பட்டது.

செல்க என்பது இறைவிருப்பமாயின், திரும்புக என்பதும் இறைவிருப்பமா என்னும் வினா இங்கு எழுகின்றது. சீட்டு ஆம் அல்லது இல்லை என்னும் விடையை மட்டுமே தரவல்லது. காய்ச்சலுக்கு மருந்து எது, ஒரு சொல்லுக்குப் பொருள் யாது என்பவற்றை அது கூறாது. இறைவன் அனுப்பினான் என்னும் உறுதி, சாவின் நடுவே சகோதரர்களைப் பத்தொன்பது ஆண்டுகள் தாங்கி நிறுத்தியது. அதே உறுதி, பணியை முன்னரே நிறுத்துவதற்குத் தடையாகவும் இருந்திருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொரேவிய சபை சீட்டுமுறையைப் படிப்படியாகக் கைவிட்டமை ஈண்டு இணைத்து எண்ணத்தக்கது.

வேதப்பன் சாலமனின் நாட்குறிப்பு

1869ஆம் ஆண்டு நிக்கோபார்த் தீவுகள் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டன. சென்னையைச் சேர்ந்த தமிழ்க் கிறித்தவரான வேதப்பன் சாலமன், போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) நிக்கோபார்ச் சிறுவர்க்குக் கல்வி கற்பித்தவர். 1890களின் இடைப்பகுதியில் அவர் கார் நிக்கோபாரின் முஸ் என்னும் ஊரில் பணியமர்த்தப்பட்டார். உபதேசியார், பள்ளி ஆசிரியர், அரசின் முகவர், வானிலை பதிவாளர் எனப் பல பொறுப்புகளை அவர் ஒருவரே சுமந்தார். 1909ஆம் ஆண்டு இரங்கூனில் காலமானார்.

சாலமன் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பின் பகுதிகளை அந்தமான் தலைமை ஆணையரான ரிச்சர்ட் டெம்பிள் தொகுத்து, 1902ஆம் ஆண்டு இலண்டன் மானிடவியல் நிறுவனத்தின் இதழில் வெளியிட்டார். இறந்தோர்க்கான சடங்குகள், எலும்புகளைத் தோண்டியெடுத்து நிகழ்த்தும் பெருவிழா, பேய்களை ஓட்டும் வழக்கம், பூசாரிகளின் செயல்கள் ஆகியன அதில் விரிவாகப் பதிவாகியுள்ளன. சாலமனின் இறைவேண்டலோ உட்போராட்டமோ அதில் மிகுதியாக இடம்பெறவில்லை. இதைக் கொண்டு அவரை வெறும் அலுவலர் எனத் துணிதல் பொருந்தாது. நாட்குறிப்பு மேலதிகாரியின் பார்வைக்குச் சென்றது என்பதையும், அச்சேறிய பகுதிகள் மானிடவியல் நோக்கில் தெரிவு செய்யப்பட்டவை என்பதையும் மனங்கொள்ள வேண்டும். மௌனம் எழுதியவருடையதா, தொகுத்தவருடையதா என்பது பிரித்தறிய வேண்டிய ஒன்றாகும்.

சாலமனின் நிலையில் அமைந்திருந்த சிக்கல் ஆழமானது. பேய் பிடித்தவர் எனவும் ஊர்க்குத் தீங்கு செய்பவர் எனவும் கருதப்பட்டோரை ஊரார் கூடிக் கொல்லும் வழக்கம் அன்று கார் நிக்கோபாரில் இருந்தது. ஊரார் அதனை ஊரைக் காக்கும் கடமையாகவே எண்ணினர். அரசின் முகவர் என்னும் முறையில் சாலமன் அதனை அறிவிக்கக் கடமைப்பட்டவர். உபதேசியார் என்னும் முறையில் அதே மக்களின் நடுவே அவர்தம் நம்பிக்கையைப் பெற்று வாழ வேண்டியவர். 'கொலை செய்யற்க' என்னும் இறைக்கட்டளையும் அரசின் சட்டமும் இவ்விடத்து ஒத்துச் சென்றன. ஆயினும் எல்லா இடத்தும் அவை ஒத்துச் செல்லும் என்பதற்கு உறுதியில்லை. அரசாணையையே இறைவிருப்பமாகக் கொண்டுவிடும் இடர் இத்தகைய இரட்டைப் பொறுப்பில் என்றும் உண்டு.

இவ்விடரைத் தவிர்க்கச் சாலமனுக்கு உதவியது அவருடைய அன்றாடப் பணியே எனக் கருதலாம். எத்தொழிலும் இறைவனின் அழைப்பே என்னும் லுத்தரின் கருத்துப்படி நோக்கின், மழையளவைக் குறித்தலும் சிறுவர்க்கு எழுத்தறிவித்தலும் வழிபாட்டினின்று வேறானவை அல்ல. நாட்குறிப்பு எழுதுவோன் நாள்தோறும் உற்றுநோக்கிக் கேட்டறிந்த பின்னரே எழுதுகின்றான். சாதுவனைப் போலச் சாலமனும் அம்மக்களின் சொல்லையும் செயலையும் முதலில் அறிந்துகொண்டார். திருக்குறள் 'தெரிந்து செயல்வகை' என அதிகாரம் வகுத்துப் போற்றும் பண்பு இதுவேயாகும்.

தீவினர் தாமே தெளிதல்

சாலமனின் மாணவருள் ஒருவரான ஜான் ரிச்சர்ட்சன் மண்டலையில் பயின்று திரும்பித் தம் மக்களிடையே பணியேற்றார். புதிய ஏற்பாட்டைக் கார் நிக்கோபார் மொழியில் பெயர்த்தார். இறைவனின் விருப்பத்தைத் தாய்மொழியிற் படித்தறியும் வாய்ப்பு இதனால் தீவினர்க்குக் கிட்டியது. 1942 முதல் 1945 வரையிலான சப்பானியர் ஆட்சியில் ஒற்றர் என்னும் ஐயத்தால் நிக்கோபாரியர் பலர் வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அக்கொடுமைக்குத் தப்பிய ரிச்சர்ட்சன் 1950இல் உதவிப் பேராயராகவும், 1966இல் அந்தமான் நிக்கோபார் மறைமாவட்டத்தின் முதற் பேராயராகவும் திருநிலைப்படுத்தப்பட்டார். 1952இல் அமைந்த முதல் மக்களவையில் நியமன உறுப்பினராகவும் இருந்தார். 1978இல் மறைந்தார்.

போருக்குப் பின்னர்க் கார் நிக்கோபாரியருள் மிகப் பெரும்பாலோர் கிறித்தவராயினர். சாலமன் காலத்தில் சிலரே ஏற்ற சமயத்தைப் பெருந்துன்பத்திற்குப் பின் தீவே ஏற்றமைக்கு அச்சுறுத்தலோ சலுகையோ போதிய விளக்கம் ஆகாது. தம்மொடு துன்புற்ற தம்மவர் ஒருவர் தம் மொழியிற் கூறிய சொல்லுக்கு மக்கள் செவிசாய்த்தனர் என்பதே பொருந்தும். மேலும், தென்னையையும் நிலத்தையும் பொதுவாகக் கொண்ட 'துஹேத்' என்னும் பெருங்குடும்ப அமைப்பு அங்கு நிலவியது. அங்கு முடிவெடுத்தல் தனியொருவர் செயலன்று. சீட்டில் தொடங்கி நாட்குறிப்பில் வளர்ந்த தெளிதல் முறை, இங்கு எருசலேம் அவையை நினைவூட்டும் கூட்டுநிலையை அடைகின்றது. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை அழித்தபோது, பேரழிவு இறைவனின் தண்டனையா என்னும் பழைய வினா மீண்டும் எழக் கூடியதாயிற்று. தீவினரோ எஞ்சியோரைக் காத்து, மேட்டுநிலத்தில் குடியமைத்து, வழிபாட்டைத் தொடர்ந்தனர். அச்செயலும் அவ்வினாவிற்கு ஒருவகை விடையாகும்.

முடிவுரை

நிக்கோபார்க் கிறித்தவ வரலாற்றில் இறைவிருப்பம் அறிதல் திருவுளச்சீட்டு, அன்றாடக் கடமை, குடும்பமும் ஊரும் கூடிய தெளிவு என மூவகை நிலைகளில் வெளிப்பட்டது. சீட்டு மன உறுதியை அளித்தது. ஆனால் மண்ணையும் மொழியையும் அறியும் வழியை அளிக்கவில்லை. கடமை அவ்வறிவை அளித்தது. ஆயின் ஆட்சியாளரின் ஆணையோடு இறைவிருப்பத்தை மயங்கவைக்கும் இடரும் அதனுள் இருந்தது. மக்களின் மொழியும் அவையும் இணைந்தபோதே அவ்விருப்பம் அவர்தம் விருப்பமாகவும் ஆயிற்று.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் போற்றும் தமிழுலகம் வேதப்பன் சாலமனின் நாட்குறிப்பைத் தமிழர் எழுத்தாக இன்னும் போதிய அளவில் கணக்கிற் கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையும் மானிடவியல் தரவாக அச்சேறியமையும் இதற்குக் காரணங்கள் ஆகலாம். அதனைத் தமிழில் பெயர்த்து, தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாற்றில் உரிய இடத்தில் வைத்து ஆராய்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும்.