மேக்பெத்துக்குள் நுழைந்த தேவி

1623இல் அச்சான ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோவில் ‘மேக்பெத்’ நாடகத்தைப் புரட்டுகிறவர் இரண்டு இடங்களில் தடுக்கி நிற்க வேண்டியிருக்கும். மூன்றாம் அங்கத்தில் ஒரு பாட்டு, நான்காம் அங்கத்தில் இன்னொரு பாட்டு. இரண்டுக்கும் தொடக்கச் சொற்கள் மட்டுமே இருக்கின்றன. அடுத்து ‘முதலியன’ என்று முடித்துவிட்டார்கள். இரண்டு இடத்திலும் மேடையில் இருப்பவள் ஹெக்காட்டே, கிரேக்கர்களின் மாந்திரீக தேவி. அந்தப் பாட்டுகளின் மிச்சம் எங்கே என்றுதான் நான் தேட ஆரம்பித்தேன்.

தேடலில் முதலில் எழுந்த கேள்வி வேறு: ஹெக்காட்டே இந்த நாடகத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தாளா? ஷேக்ஸ்பியர் கதையை எடுத்துக்கொண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் குறி சொல்லும் மூன்று பெண்கள் உண்டு, அவள் இல்லை. நாடகத்தைக் குளோப் அரங்கில் பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற சோதிடர் எழுதிய குறிப்பு ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1610 ஏப்ரல் 20, சனிக்கிழமை என்று தேதி போட்டிருக்கிறார். அந்த ஆண்டு அந்தத் தேதி வெள்ளிக்கிழமை, 1611இல்தான் சனி. ஆகவே அவர் பார்த்தது 1611இல் என்றே ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். கையில் படிந்த ரத்தம் கழுவியும் போகாததைக்கூடச் சொல்கிறவர், ஹெக்காட்டேயைப் பற்றி வாய் திறக்கவில்லை. கொதிக்கும் கொப்பரையையும் அவர் விட்டுவிட்டார் என்பதால் இந்த மௌனத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் யாப்பும் சாட்சி சொல்கிறது. மற்ற சூனியக்காரிகளின் வரிகள் பெரும்பாலும் அழுத்தமான அசையில் தொடங்குகின்றன. ஹெக்காட்டேயின் வரிகள் அழுத்தமில்லாத அசையில். அவள் பேசும் காட்சியை எடுத்துவிட்டாலும் கதையில் ஓர் இழை அறுவதில்லை.

பாட்டுகள் முழுசாக இருப்பது அதே பாட்லியன் நூலகத்தில், தாமஸ் மிடில்டனின் ‘தி விட்ச்’ நாடகக் கையெழுத்துப் பிரதியில். ரால்ஃப் கிரேன் என்ற தொழில்முறை எழுத்தர் படியெடுத்தது. 1778 வரை அது அச்சேறவில்லை. அதன் தலைப்புப் பக்கத்தில்தான் முடிச்சு அவிழ்கிறது: இதை பிளாக்ஃபிரையர்ஸ் அரங்கில் நடித்தவர்கள் மன்னரின் குழுவினர், அதாவது ஷேக்ஸ்பியரின் சொந்தக் குழு. கைவசம் இருந்த பாட்டுகளைக் குழு ‘மேக்பெத்’துக்குள் கொண்டுவந்திருக்கிறது. ஹெக்காட்டே காட்சியையும் மிடில்டனே எழுதினார் என்பதே என் முடிவு. மாற்றுக் கருத்துள்ளோரும் உண்டு. மிடில்டனின் ஹெக்காட்டே தேவியே அல்ல. ஃபயர்ஸ்டோன் என்றொரு மகனை வைத்துக்கொண்டு களிம்பு காய்ச்சும் மனுஷி.

நான் இங்கே நிறுத்தியிருக்கலாம். நான்காம் அங்கப் பாட்டில் ஆவிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் இடம் விடவில்லை. டிட்டி, டிஃபின் என்ற அந்தப் பெயர்கள் ரெஜினால்ட் ஸ்காட் 1584இல் வெளியிட்ட நூலில் அப்படியே கிடைக்கின்றன. கறுப்பு, வெள்ளை, சாம்பல், சிவப்பு என ஆவிகளை நிறம் பிரித்துச் சொல்வதும் அங்கே இருக்கிறது. சூனியக்காரி என்று கிழவிகளைத் தூக்கில் போடுவது அநியாயம் என்று வாதாட எழுதிய நூல் அது. பிரையன் டார்சி என்ற நீதிபதியின் விசாரணையைக் கேலி செய்யவே ஸ்காட் அந்தப் பட்டியலைப் போட்டார். மிடில்டன் கேலியைக் கழித்துவிட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டார்.

டார்சியின் விசாரணை நடந்தது எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் செயின்ட் ஓசித் என்ற ஊரில், 1582இல். அதே ஆண்டு வெளிவந்த சிறு நூலில் வாக்குமூலங்கள் இருக்கின்றன. அர்சுலா கெம்ப் என்ற பெண் மீது குற்றச்சாட்டு. அவள் ஏவிய ஆவிகள் எவை என்று சொன்னவன் அவள் மகன் தாமஸ். வயது எட்டோ அதையொட்டியோ. டிட்டி சாம்பல் நிறப் பூனை மாதிரி, டிஃபின் வெள்ளை ஆட்டுக்குட்டி மாதிரி, பிஜின் கறுப்புத் தேரை மாதிரி, ஜாக் கறுப்புப் பூனை மாதிரி என்று பிள்ளை வரிசையாகச் சொல்லியிருக்கிறான். அர்சுலாவைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கிய பெயர்களில் இரண்டுதான் ஹெக்காட்டேயின் பாட்டில் ஒலிக்கின்றன. படித்த அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

அந்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு கிரேக்கக் கவிஞர் ஹீசியடின் ‘தியோகனி’க்குத் திரும்பினேன். கிறிஸ்துவுக்கு 700 ஆண்டுகள் முன்பு வாக்கில் எழுந்த நூல். ஹெக்காட்டேக்கு 40 வரிகளுக்குச் சற்று மேல் புகழ்ச்சி. மாந்திரீகத்தின் வாடையே இல்லை. ஜீயஸ் வேறு யாருக்கும் தராத மரியாதையை அவளுக்குத் தருகிறார். மண், கடல், வானம் மூன்றிலும் பங்கு. மீனவருக்கு வலை நிறையச் செய்வாள், மந்தை பெருக்குவாள், நீதி வழங்கும் மன்னர் பக்கத்தில் அமர்வாள். பிற்பாடுதான் ஏதென்ஸ்காரர்கள் மாதக் கடைசி இரவில் முச்சந்தியில் அவளுக்குப் படையல் வைத்தார்கள். ஏழைகள் அதை எடுத்துத் தின்றதை அரிஸ்டாஃபனீஸ் நாடகத்தில் காணலாம். கி.மு. 431இல் அரங்கேறிய யூரிபிடீஸின் நாடகத்தில், மருந்தும் நஞ்சும் அறிந்த மெடியா அவள் பேரில் ஆணையிடுகிறாள். அங்கிருந்து அவள் மாந்திரீகத்தின் தலைவியாக வெகுகாலம் ஆகவில்லை.

ஹீசியட் அவளுக்குச் சொல்லும் கடைசிப் பொறுப்பு ஒன்று உண்டு. ஜீயஸ் அவளைப் பிள்ளைகளை வளர்த்துக் காப்பவளாக நியமித்தார்.