மதர்போர்ட் மாற்றமும் அழிந்துபோன எழுத்துகளும்

கல்முனைப் பிரதேசத்தின் அண்மைக்கால எழுத்து வரலாற்றைத் தொகுக்க முனைவோர் ஒரு விசித்திரமான இடைவெளியைச் சந்திப்பர். 1980களின் கையெழுத்துப் பிரதிகள் கிடைக்கின்றன. 2015க்குப் பிந்தியவை இணையத்தில் கிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் பள்ளிவாசல் வரலாறுகள், பாடசாலை மலர்கள், பத்திரிகைக்கு அனுப்பிய செய்திகள் ஆகியவற்றில் பெரும்பகுதி கணினியிலேயே தட்டச்சாகிக் கணினியிலேயே மாண்டு போயின. கொன்றது போரா, கடலா என்று கேட்டால், பல சந்தர்ப்பங்களில் இரண்டுமல்ல. திருத்துமிடத்தில் செய்யப்பட்ட ‘போமட்’ என்பதே விடை.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையே நீண்டு கிடப்பவை. உப்புக் காற்று எட்டாத வீடு அரிது. கணினிப் பெட்டியின் விசிறி அந்தக் காற்றை இழுத்து உள்ளே நிரப்பும். வாடைக்கால ஈரம் அதனுடன் சேரும். மின்சாரம் போய் வரும்போது ஏற்படும் அழுத்த ஏற்ற இறக்கம் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் காவுகொண்டது. அந்நாளில் நனைந்த கணினிகளைப் பற்றிப் பேசுவதே கூச்சம் தருவது. அவற்றை யாரும் தேடவுமில்லை. நான் சொல்ல வருவது அலை எட்டாத மேசைகளில் இருந்தவற்றைப் பற்றி.

அதே காலத்தில் உலகெங்கும் மதர்போர்ட்டுகள் செத்துக்கொண்டிருந்தன என்பதை இங்கு பலர் அறியவில்லை. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, தாய்வானில் தயாரான சில அலுமினியக் கொள்ளளவிகளில் நிரப்பப்பட்ட மின்பகுபொருள் குறைபாடுடையதாக இருந்தது. அலுமினியத்தை அரிக்காமல் தடுக்கும் சேர்மானம் அதில் போதவில்லை. உள்ளே ஐதரசன் வாயு திரண்டு, தலைப்பகுதி உப்பி, வெடித்து, பழுப்பு நிறத்தில் கசியும். திருடப்பட்ட சூத்திரம் ஒன்றே இதற்குக் காரணம் என்றொரு கதையும் உலாவியது. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் கணினிகள் இதில் பெரிதும் அடிபட்டன. 2005இல் அந்நிறுவனம் இதற்காக 30 கோடி டொலரைக் கணக்கில் ஒதுக்க நேர்ந்தது. இத்தகைய கொள்ளளவியின் ஆயுள், வெப்பநிலை 10 பாகை கூடுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலாரின் பொது விதி. கல்முனையின் சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழிருந்த பெட்டிக்கு என்ன கதி என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே போர்ட் மாற்றப்பட்டது. கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து வந்த புதிய போர்ட், பழைய வன்தட்டு. பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் சின்னம் தோன்றும்; ஒரு கணம் நீலத்திரை மின்னும்; கணினி மறுபடி தொடங்கும்; மறுபடியும் அதுவே. சின்னம் தோன்றுமுன்பே நின்றால் குற்றம் வன்பொருளில்: நினைவகம் சரியாக அமராதிருக்கலாம், செயலிக்கான நான்கு முனை மின்கம்பி விடுபட்டிருக்கலாம். சின்னம் தோன்றிய பின் விழுந்தால் கதை வேறு. எஃப் 8 விசையை அழுத்தித் தானியங்கி மறுதொடக்கத்தை நிறுத்தி வைத்தால் நீலத்திரையை வாசிக்க முடியும். பெரும்பாலும் அதில் இருந்தது 7பி என முடியும் இலக்கம். தொடக்க வட்டை அணுக இயலவில்லை என்பது அதன் பொருள்.

இதில் ஒரு முரண் உண்டு. அடிக்கடி படுத்துவிடும் விண்டோஸ் 98, புதிய போர்ட்டை ஓரளவு பொறுத்துக்கொண்டது. வட்டைக் கையாளத் தெரியாவிட்டால் பழைய டொஸ் முறைக்கு இறங்கி, மெதுவாகவேனும் எழுந்து, டிரைவர் சீடியைக் கேட்கும். 2001 ஒக்டோபரில் வந்த எக்ஸ்பி உறுதியானது, ஆனால் வளையாதது. வன்தட்டுடன் பேசும் சிப்புக்குரிய டிரைவரை நிறுவும் வேளையிலேயே பதித்துக்கொள்ளும். சிப் மாறினால் தன் வீட்டு வாசலே அதற்குத் தெரியாது. வன்தட்டில் ஒரு கோப்பும் கெட்டிருக்காது.

மருந்தும் இருந்தது. போர்ட்டைக் கழற்றுமுன் பழைய கணினி எழக்கூடியதாயின், டிவைஸ் மனேஜரில் ஐ.டி.ஈ. கட்டுப்படுத்தியைப் பொதுவான வகைக்கு மாற்றிவிட்டால் போதும். செத்துவிட்டதாயின் எக்ஸ்பி சீடியிலிருந்து தொடங்க வேண்டும். முதற்றிரையில் கேட்கும் ‘ஆர்’ வேறு வேலைக்கானது. அதைத் தவிர்த்து என்டர் அழுத்தி, உடன்பாட்டை ஏற்று, அதற்குப்பின் வரும் இரண்டாவது ‘ஆர்’ஐ அழுத்தினால், கோப்புகளும் நிறுவிய மென்பொருள்களும் அப்படியே இருக்க விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். இதுவும் வேண்டாமென்றால், வன்தட்டை இன்னொரு கணினியில் இரண்டாவது வட்டாகப் பொருத்திப் பிரதி எடுத்திருக்கலாம்.

ஆயினும் ‘போமட் பண்ணித்தான் ஆகவேண்டும்’ என்பதே வழக்கமாயிற்று. திருத்துநரை மட்டும் குறைசொல்லல் தகாது. அசல் உரிமமின்றிப் பதித்த விண்டோஸ், வரிசையில் காத்திருக்கும் பத்துப் பெட்டிகள், சில நூறு ரூபாய்க் கூலி. ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலையை எவர்தான் விடுவார்? ‘முக்கியமான ஏதும் இருக்கா தம்பி?’ என்று கேட்டவர்களும் உண்டு. கொண்டுவந்த பிள்ளைக்குத் தகப்பன் என்ன எழுதி வைத்தார் என்பது தெரியாது. ‘இல்லை நானா’ என்று சொல்லிவிடும். மை டொக்கியுமென்ட்ஸ் கோவை இருந்ததோ அந்த சி பகுதியில்தான்.

எஞ்சியவற்றுக்கும் இன்னொரு தொல்லை. அக்கால இலங்கைத் தமிழ்த் தட்டச்சில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் நிகழ்ந்தது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. விண்டோஸைப் புதிதாகப் பதித்ததும் பாமினி இராது. காப்பாற்றிய கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். ‘வைரஸ் பிடித்துவிட்டது’ என்று அழித்தவர்களை நானறிவேன். அழித்தது நல்ல தமிழை.

ஆயினும் எல்லாம் போய்விடவில்லை. வட்டை விரைவாகப் போமட் செய்தால் கோப்புகளின் அட்டவணைதான் புதிதாகும். மேலெழுதப்படாத இடத்தில் பழைய எழுத்து அப்படியே இருக்கும். போமட் செய்யாமல் கழற்றி, அலுமாரி மேல் போட்ட வன்தட்டுகளும் நம் வீடுகளில் உண்டு. காந்தத் தட்டு பழுதாகாதிருந்தால், யூ.எஸ்.பி. இணைப்பான் ஒன்றின் உதவியுடன் இன்றும் அவற்றை வாசிக்கலாம். பாமினியை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசம். சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ பழைய பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடப் போகிறவர்கள், அந்தத் தட்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2012இல் விண்டோஸ் 8 வந்ததன் பின், போர்ட் மாறினாலும் பெரும்பாலும் கணினி தானே சமாளித்து எழுகிறது. உரிமம் மட்டும் மறுபடி கேட்கப்படலாம். ஆனால் இன்றைய பல மடிக்கணினிகளில் வட்டு மறைகுறியாக்கப்பட்டு, திறவுகோல் போர்ட்டிலுள்ள பாதுகாப்புச் சிப்புடன் பிணைக்கப்பட்டுள்ளது. போர்ட்டை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது இல்லையேல் வட்டை எந்தக் கணினியில் செருகினாலும் திறக்காது. அந்தச் சாவி பொதுவாக உரிமையாளரின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி வாங்கிய நாளில் அக்கணக்கைத் திறந்து கொடுத்தவர் கடைக்காரத் தம்பியாயின், முதலில் அவரைத் தேட வேண்டும்.