அட்டையில் யார் முகம்? ஸ்காட் ஜாப்ளினும் ராக்டைம் இசைத்தாள்களும்

ரேடியோ இல்லாத 1899-ல, அமெரிக்காவுல ஒரு இசை எப்படி ஹிட் ஆகியிருக்கும்? பெரும்பாலும் தாள்லதான். பியானோவுக்கான இசைக்குறிப்பைச் சில பக்கத்துல அச்சடிச்சு, மேல அட்டைப்படம் போட்டு விப்பாங்க. நம்ம ஊர் தியேட்டர் வாசல்ல ஒரு காலத்துல வித்த சினிமா பாட்டுப் புத்தகத்துக்குத் தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். ஆனா அதுல பாட்டு வரிகள் மட்டும்தான். இதை வாங்கினவங்க வீட்டுல உட்கார்ந்து தாங்களே வாசிக்கணும்.

பல கடைகள்ல வாசிச்சுக் காட்டவே ஆள் இருப்பாங்க. மத்தபடி கண்ணுல முதல்ல படறது அட்டைதான், நமக்கு யூட்யூப் தம்ப்நெயில் மாதிரி. அந்தத் தம்ப்நெயில்ல யார் முகம் வந்தது?

ஸ்காட் ஜாப்ளின், ராக்டைம் இசையோட பெரிய ஆளு, கறுப்பினத்தவர். 1899-ல கான்சஸ் சிட்டியில வெளியான அவரோட ‘ஒரிஜினல் ராக்ஸ்’ அட்டையைப் பாருங்க. இடிஞ்சு விழற மாதிரி ஒரு குடிசை, அதுக்கு முன்னாடி கந்தல் பொறுக்கற ஒரு கறுப்பினக் கிழவர். ‘ராக்’னா கந்தல்துணினும் அர்த்தம், அதை வெச்சு ஒரு ஜோக். அதோட விடல. இசையை ‘பொறுக்கியவர்’ ஸ்காட் ஜாப்ளின்னு அச்சடிச்சிருக்காங்க! ‘இயற்றியவர்’னு இல்ல. கூடவே, இசையை ஒழுங்குபடுத்தினவர்னு வேறொருத்தர் பேரு. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கடுப்பாயிடுச்சு.

அதே வருஷம், மிசௌரி மாநிலத்துல செடாலியாங்கற சின்ன ஊரு. அங்க இசைக்கடை வெச்சிருந்த வெள்ளைக்காரர் ஜான் ஸ்டார்க், ‘மேப்பிள் லீஃப் ராக்’கை வெளியிட ஒத்துக்கிட்டார். மொத்தமா ஒரு சின்னத் தொகையைக் கொடுத்து உரிமையை வாங்கிக்கறதுதான் அன்னிக்கு வழக்கம். ஜாப்ளின் அப்படி விடல. ஆகஸ்ட் 10-ல போட்ட ஒப்பந்தப்படி, விக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கு 1 சென்ட். பிரதியோட விலை 25 சென்ட்டுக்குக் குறையக் கூடாது. முதல் வருஷம் வித்தது சுமார் 400 பிரதிதான், அதாவது 4 டாலர். ஆனா அது வருஷக்கணக்கா வித்துக்கிட்டே இருந்துச்சு, அந்த ஒரு சென்ட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஸ்ட்ரீமிங் காசைப் பத்திப் புலம்பற இசைக்கலைஞர்கள் இந்த ஒப்பந்தத்தைக் கண்டிப்பா படிக்கணும்.

அப்போ அட்டை? அங்க ஜாப்ளின் ஜெயிக்கல. முதல் பதிப்புல ரெண்டு கறுப்பின ஜோடிகள் பகட்டா டிரெஸ் பண்ணிக்கிட்டு இருக்கற கேலிப்படம். அது இந்த இசைக்காக வரைஞ்சதே இல்ல. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியோட சுருட்டு விளம்பரப் படம், அனுமதி வாங்கிப் போட்டிருக்காங்க. இன்னிக்கு ஸ்டாக் இமேஜ் எடுத்துப் போடறோமே, அதேதான். 1902-ல வந்த ‘தி என்டர்டெய்னர்’ அட்டையிலயும் மேடையில நிக்கற கறுப்பினக் கலைஞர் ஒருத்தரைக் கார்ட்டூன் ஆக்கிட்டாங்க. பியானோ பெரும்பாலும் இருந்தது வசதியான வெள்ளைக்காரங்க வீட்டு வரவேற்பறையில. அந்தப் படங்கள் அவங்களை மனசுல வெச்சுப் போட்டது.

ஆனா ‘மேப்பிள் லீஃப்’ விக்க விக்க, அட்டையும் மாறுச்சு. பின்னாடி வந்த பதிப்புல சுருட்டு விளம்பர ஜோடிகள் இல்ல. ஒரு மேப்பிள் இலையும் ஜாப்ளினோட படமும்தான். கோட்டு போட்டு, சிரிக்காம இருக்கற ஒரு மனுஷன். இப்போ அந்த ரெண்டு பதிப்போட அட்டைகளையும் தேடி, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. உள்ள இருக்கறது ஒரே இசைதான்.