பாடசாலைத் தாதியும் 1918 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயும்

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அரச ஆணைகளையும் மரணத் தொகைகளையுமே முதன்மைப்படுத்துவர். ஆணையிட்டவரின் பெயர் ஏடுகளில் நிலைக்கின்றது. அவ்வாணையை நாள்தோறும் செயற்படுத்தியோர் மறக்கப்படுகின்றனர். 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சாக் கொள்ளைநோயின்போது நியூயோர்க் நகரப் பாடசாலைகள் மூடப்படாதிருந்தமை இதற்குத் தக்கதோர் உதாரணமாகும். அது நகரச் சுகாதார ஆணையாளர் றோயல் கோப்லண்டின் துணிவான முடிவு என்றே பொதுவாகக் கூறப்படும். ஆயின், அம்முடிவு எவருடைய உழைப்பின்மீது நிலைகொண்டது என்பது ஆராயற்பாலது.

இதனை விளங்கிக்கொள்வதற்குச் சில ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1897 முதல் நியூயோர்க் பாடசாலைகளில் வைத்தியப் பரிசோதகர்கள் கடமையாற்றினர். தொற்றுநோயுற்ற பிள்ளையைக் கண்டறிந்து வீட்டுக்கு அனுப்புவதோடு அவர்தம் பணி முடிந்தது. வீட்டிலோ சிகிச்சையளிப்பார் இலர். காலையில் வகுப்பிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளை மாலையில் அதே வகுப்புத் தோழருடன் தெருவில் விளையாடியது. இக்குறையை நீக்கும் பொருட்டு, ஹென்றி வீதிச் சமூகநிலையத்தை நிறுவிய லிலியன் வால்ட், தம் தாதியருள் ஒருவரான லீனா றொஜர்ஸை 1902 ஒக்டோபரில் நான்கு பாடசாலைகளுக்கு ஒரு மாதப் பரீட்சார்த்தமாக அனுப்பினார். சிறு நோய்களுக்குப் பாடசாலையிலேயே மருந்திடுதல், வராத பிள்ளையின் வீட்டுக்குச் சென்று தாய்க்குப் பராமரிப்பு முறைகளைக் கற்பித்தல் என்பனவே அவர் ஆற்றிய பணிகள். அதன் பயனைக் கண்ட நகர நிருவாகம் மேலும் தாதியரை நியமித்தது. 1902 செப்டெம்பரில் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டெம்பரில் அத்தொகை 1,101 ஆகக் குறைந்தது. 1908 இல் வைத்தியர் ஜோசபின் பேக்கரின் தலைமையில் சிறுவர் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டதோடு இப்பணி மேலும் உறுதிபெற்றது.

1918 இலையுதிர்காலத்தில் கொள்ளைநோய் பரவியபோது அமெரிக்க நகரங்கள் பல தம் பாடசாலைகளை மூடின. நியூயோர்க், சிக்காகோ, நியூ ஹேவன் ஆகியன மூடவில்லை. கோப்லண்டின் வாதம் எளியது. நியூயோர்க்கின் ஏறத்தாழப் பத்து இலட்சம் பாடசாலைப் பிள்ளைகளுள் முக்காற்பங்கினர் காற்றும் வெளிச்சமும் குறைந்த நெரிசலான அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவ்வறைகளில் அடைபட்டிருப்பதிலும், காற்றோட்டமுள்ள வகுப்பறையில் மேற்பார்வையின்கீழ் இருத்தல் நன்று என அவர் கருதினார். பேக்கரும் அதனையே வற்புறுத்தினார்.

இம்மேற்பார்வை எவ்வாறு நடைபெற்றது? காலையில் பிள்ளைகள் வெளியே கூடி நிற்காது நேரே வகுப்புக்குச் செல்லுதல் வேண்டும். அங்கு ஆசிரியர் ஒவ்வொருவரையும் கவனிப்பார். நோய்க்குறி தென்பட்ட பிள்ளை வேறாக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படும். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆளனுப்பிக் காரணம் அறியப்படும். இங்கேதான் தாதியின் பணி பாடசாலை வாயிலைக் கடந்தது. வரவுப் பதிவேட்டில் ஒரு சிறு குறியாக இருந்த செய்தி, மாடிப்படிகளை ஏறிச் சென்ற தாதிக்குத் தாயும் தந்தையும் ஒருங்கே காய்ச்சலில் கிடக்கும் வீடாகக் காட்சியளித்தது. இத்தாலிய மொழியோ யிடிஷ் மொழியோ மட்டும் அறிந்த தாய்க்கு, ஆங்கிலம் கற்ற பிள்ளையே மொழிபெயர்ப்பாளனாயிற்று. முதலாம் உலகப்போரின் பொருட்டுப் பயிற்சிபெற்ற தாதியர் பலர் கடல்கடந்து சென்றிருந்தமையால், எஞ்சியோர் தோள்களிலேயே இப்பாரம் விழுந்தது. நகரில் கிடைத்த தாதியரை ஒருங்கிணைக்க வால்டின் தலைமையில் அவசர காலத் தாதியர் பேரவையொன்றும் அமைக்கப்பட்டது.

ஈண்டு ஓர் உண்மை சிறப்பாக நோக்கற்பாலது. வழமையான இன்புளுவென்சா குழந்தைகளையும் முதியோரையுமே மிகுதியாகப் பலிகொள்ளும். 1918 ஆம் ஆண்டு நோயோ 20 முதல் 40 வயதினரைப் பெருமளவிற் கொன்றது. பாடசாலை வயதுப் பிள்ளைகளிடையே மரணவீதம் ஒப்பீட்டளவிற் குறைவாகவே இருந்தது. எனவே பாடசாலை திறந்திருந்தமையால் உயிராபத்தை மிகுதியாக எதிர்கொண்டோர் மாணவரல்லர்; அவர்களைப் பரிசோதித்த இளம் ஆசிரியைகளும் தாதியருமே ஆவர். நோயாளியின் அறையிலிருந்து வெளியேறிய தாதியும் மாலையில் தம் வீட்டுக்கே திரும்பவேண்டியிருந்தது. அங்கும் பெற்றோரும் உடன்பிறந்தோரும் இருந்தனர். பிறர் வீட்டைக் காக்கச் சென்றவர் தம் வீட்டுக்கு நோயைக் கொண்டுசெல்லக்கூடும் என்னும் அச்சம் அப்பணியினின்றும் பிரிக்க முடியாதது.

இனி இதன் விளைவை மதிப்பிடலாம். அவ்விலையுதிர்காலத்தில் நியூயோர்க்கில் 20,000 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனினும் பொஸ்ரன், பிலடெல்பியா ஆகிய நகரங்களோடு ஒப்பிடுகையில் அதன் மரணவீதம் குறைவாகும். இதனைப் பாடசாலைகளின் சாதனையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. நோயை அறிவித்தல் கட்டாயமாக்கப்பட்டமை, நெரிசலைக் குறைப்பதற்காக வேலைத்தலங்களின் நேரங்கள் மாற்றியமைக்கப்பட்டமை முதலியனவும் இதற்குத் துணைநின்றிருத்தல் கூடும்.

2020 இல் கொவிட் நோய் பரவியபோது, பாடசாலைகளைத் திறக்கலாம் என்று வாதிட்டோர் சிலர் நியூயோர்க்கின் முன்னுதாரணத்தை எடுத்துக்காட்டினர். எடுத்துக்காட்டுவது எளிது. ஆயின், 1918 இன் அம்முடிவுக்குப் பின்னால் 16 ஆண்டுகளாகப் பழகிவந்த ஓர் அமைப்பு இருந்தது. பிள்ளையின் முகத்தையும் அதன் வீட்டையும் அறிந்த ஊழியர் இருந்தனர். அத்தகைய ஊழியரை அமைதிக் காலத்தில் நியமித்துப் பேணாத சமூகம், ஆபத்து வந்தபின் திறப்பதா மூடுவதா என்று விவாதிப்பதாற் பெறும் பயன் சிறிதே. கோப்லண்டின் ஆணை ஒரு நாளில் எழுதப்பட்டது. அதனைச் சாத்தியமாக்கிய உழைப்போ 1902 இல் நான்கு பாடசாலைகளில் ஒரு தாதியுடன் தொடங்கியது.