கவைக்கோல் குத்து வாங்கிய வாயு

1783 ஆகஸ்ட் 27. பாரிஸிலிருந்து பறந்து வந்த பட்டுப் பலூன் ஒன்று கோனெஸ் கிராமத்தில் இறங்கியது. ஏதோ பூதம்தான் விழுந்துவிட்டது என்று மிரண்ட ஊர்க்காரர்கள் கவைக்கோலால் குத்திக் கிழித்தார்கள். உள்ளேயிருந்து சீறிப் போனது ஹைட்ரஜன்.

பலூன்காரர் ஜாக் சார்ல் செய்தது ஒரு குருட்டு நகல். மோன்கோல்ஃபியே சகோதரர்கள் பலூன் விட்ட சேதி பாரிஸுக்கு வந்தது. உள்ளே இருந்தது வெறும் சூடான காற்று என்பது வரவில்லை. அவர் அரை டன் இரும்பைக் கந்தக அமிலத்தில் போட்டு, நாள்கணக்கில் வாயு பிடித்தார். தண்ணீரிலோ கரியோடோ ஒட்டிக்கிடக்கும் இந்த வாயுவைப் பிரிக்க அன்றே கூலி அதிகம்.

1800இல் இத்தாலியர் வோல்ட்டாவின் மின்கல அடுக்கைப் பற்றிக் கேள்விப்பட்ட லண்டன்காரர்கள் நிக்கல்சனும் கார்லைலும், அதேபோல ஒன்று செய்து கம்பிகளைத் தண்ணீரில் விட்டார்கள். குமிழி குமிழியாக ஹைட்ரஜன்! நாற்பது வருஷம் கழித்து வில்லியம் குரோவ் என்ற வழக்கறிஞர் அதைத் தலைகீழாக்கி, வாயுவைக் கொடுத்து மின்சாரம் வாங்கினார். வாங்க ஆளில்லை. நூற்றாண்டு தாண்டி அப்போலோ விண்கலம் அதைத் தேடி எடுத்தது. அதில் மிஞ்சிய தண்ணீரை விண்வெளி வீரர்கள் குடித்தார்கள்.

1937இல் ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து 36 பேர் மாண்டது ஊரறிந்த கதை. தீப்பிடிக்காத ஹீலியத்தை அமெரிக்கா வெளிநாட்டுக்கு விற்க மறுத்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதற்குமுன்பே, 1920களின் கடைசியில், நார்வேயின் ரியூகான் அருவி மின்சாரம் தண்ணீரைப் பிரித்து உரத்துக்கு ஹைட்ரஜன் தந்துகொண்டிருந்தது. 'பசுமை ஹைட்ரஜன்' என்று பேர் மட்டும்தான் வைக்கவில்லை. மலிவான எரிவாயு வந்ததும் அந்த வழி மங்கியது.

இன்று உலகம் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் செலவழிக்கிறது. பெரும்பகுதி எரிவாயுவிலும் நிலக்கரியிலும் பிறந்தது, கூடவே கரிவளியையும் கக்கியது. தண்ணீரிலிருந்து ஒரு கிலோ எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். திரும்ப மின்சாரமாக்கினால் 20 யூனிட் தேறுவதே பெரிது. திரவமாக்க மைனஸ் 253 டிகிரி. எஃகுக் குழாயையும் நொறுங்கவைக்கும் குணம் வேறு. காருக்கு இதை ஊற்றுவது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது. எஃகு ஆலைக்கும் உரத்துக்கும் வேறு நல்ல வழி சுலபத்தில் இல்லை.

1987இல் மாலி நாட்டின் பூராகேபூகூ கிராமத்தில் தண்ணீருக்குத் துளை போட்டார்கள். தண்ணீர் வரவில்லை, காற்று வந்தது. சிகரெட்டோடு எட்டிப் பார்த்தவர் முகம் கருகியது. துளையை அடைத்தார்கள். பின்னாளில் திறந்து சோதித்தால், 98 சதவீதம் ஹைட்ரஜன், மண்ணுக்கடியில் தானே ஊறியது. 2012இல் அதைக் கொண்டு ஊருக்கு விளக்கேற்றினார்கள்.