மதகை இழந்த ஏரி

ஏரி என்றதும் நம் மனத்தில் தோன்றுவன வயலும் வாய்க்காலுமே. சிலர் தம் பொழுதுபோக்கிற்காக ஓர் ஏரியையே சொந்தமாக வாங்கி வைத்திருந்தனர் என்பது நமக்குச் சற்று அந்நியமான செய்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அப்படி ஓர் ஏரி இருந்தது. அதன் மண்கரை 1889 மே 31 அன்று உடைந்தது; 2,209 பேர் மாண்டனர். இதைப் பெருமழையின் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். நாம் இங்குக் காண விழைவது, அந்தக் கரை கைமாறிய கதையை.

சவுத் ஃபோர்க் அணை உல்லாசத்திற்காகக் கட்டப்பட்டதன்று. பிலடெல்பியாவையும் பிட்ஸ்பர்கையும் இணைத்த படகுக் கால்வாய்க்குக் கோடையில் நீர் தருவதற்காக மாநில அரசே அதைக் கட்டியது. 72 அடி உயரமும் 931 அடி நீளமும் கொண்ட அந்த மண்கரை 1853 இல் நிறைவுற்றது. ஆனால் அதற்குள் ரயில் வந்துவிட்டது. கால்வாயின் பயன் மங்க, 1857 இல் பென்சில்வேனியா ரயில்வே நிறுவனம் கால்வாயோடு ஏரியையும் வாங்கியது. ரயில் நிறுவனத்திற்கு ஏரி எதற்கு? கவனிப்பாரற்றுக் கிடந்த கரையின் ஒரு பகுதி 1862 இல் உடைந்தது. ஏரியில் அப்போது நீர் குறைவாக இருந்தமையால் பெருஞ்சேதம் விளையவில்லை.

நம் ஏரிகளைக் கட்டியவர்கள் இரண்டு வழிகளை ஒருபோதும் மறந்ததில்லை. ஒன்று மதகு, வேண்டும்போது திறந்து நீரைக் கீழே விடுவதற்கு உரியது. மற்றொன்று கலிங்கு, மிகுநீர் தானே வழிந்தோடுவதற்கு உரியது. சவுத் ஃபோர்க்கைக் கட்டிய பொறியாளர்களும் இவ்விரண்டையும் அமைத்திருந்தனர். கரையின் அடியில் ஐந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் மதகின் வேலையைச் செய்தன. 1875 இல் ஏரியை வாங்கிய ஜான் ரெய்லி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் அவற்றைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். ஏரி தன் மதகை இழந்தது இவ்வாறுதான்.

1879 இல் பெஞ்சமின் ரஃப் என்பார் அந்த இடத்தை வாங்கி, பிட்ஸ்பர்க் செல்வந்தர்களுக்காக மீன்பிடி, வேட்டைச் சங்கம் ஒன்றை நிறுவினார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி கிளே ஃப்ரிக், ஆண்ட்ரூ மெல்லன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். உடைப்பு மண்ணும் செத்தையும் வைக்கோலும் கொண்டு அடைக்கப்பட்டது. குழாய்கள் மீண்டும் பதிக்கப்படவில்லை. கரையின் மேல் வண்டிகள் செல்லப் பாதை அகலமாக வேண்டும் என்பதற்காகக் கரையின் உச்சி இரண்டு மூன்று அடி தாழ்த்தப்பட்டது. ஏரியில் விட்ட மீன்கள் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காகக் கலிங்கின் குறுக்கே இரும்புக் கம்பி வலைகள் வைக்கப்பட்டன. இவற்றில் எதுவும் தீய எண்ணத்தால் செய்யப்பட்டதன்று. எல்லாம் சிறு சிறு வசதிகள், சிறு சிறு சிக்கனங்கள்.

ஏரியிலிருந்து 14 மைல் கீழே, சுமார் 450 அடி தாழ்வான பள்ளத்தாக்கில் இருந்தது ஜான்ஸ்டவுன். அது இரும்பாலைத் தொழிலாளர்களின் ஊர். அங்கிருந்த கேம்ப்ரியா இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரெல் கவலையுற்று, 1880 இல் ஜான் ஃபுல்டன் என்ற பொறியாளரை அனுப்பிக் கரையைப் பார்க்கச் செய்தார். நீரை வடிக்க வழியில்லை, கரையில் கசிவு இருக்கிறது என்று அவர் எழுதினார். உங்களுக்கு எங்களால் ஆபத்தில்லை என்ற பொருளில் ரஃபிடமிருந்து பதில் வந்தது. செவ்வனே பழுதுபார்ப்பதானால் செலவில் தாமும் பங்கேற்பதாக மோரெல் கூறினார். அதுவும் ஏற்கப்படவில்லை. மோரெல் 1885 இலும் ரஃப் 1887 இலும் மறைந்தனர். கடிதம் எழுதியவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை. கரை மட்டும் இருந்தது.

1889 மே மாத இறுதியில் இரவு முழுவதும் பெய்த மழையில் ஏரி விளிம்புவரை ஏறியது. சங்கத் தலைவர் ஆட்களைத் திரட்டிக் கரைமேல் மண் கொட்டச் செய்தார். புதிய வடிகால் ஒன்று வெட்ட முயன்றார். கம்பி வலைகளில் மரமும் சருகும் அடைத்துக்கொண்டன. ஜான் பார்க் என்ற இளம் பொறியாளர் குதிரையேறிச் சென்று தந்தி அனுப்பச் சொன்னார். ஆண்டுதோறும் கரை உடையப் போகிறது என்று கேட்டுப் பழகிய ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பகல் 3 மணியளவில் கரை உடைந்தது. சுமார் 2 கோடி டன் நீர், மரங்களையும் வீடுகளையும் ரயில் பெட்டிகளையும் சுமந்து, ஒரு மணி நேரத்திற்குள் ஊரை அடைந்தது. கல் பாலத்தில் குவிந்த சிதைவுகளில் தீப்பற்றியது. வெள்ளத்துக்குத் தப்பியும் அங்கே எரிந்து மாண்டவர்கள் உண்டு.

சங்கம் நிவாரணமாக ஆயிரம் கம்பளிப் போர்வைகளை அனுப்பியது. கார்னகி ஊருக்கு ஒரு நூலகம் கட்டித் தந்தார். ஆனால் சங்கத்தின்மீது தொடுக்கப்பட்ட எந்த வழக்கும் வெற்றி பெறவில்லை. கவனக்குறைவை மெய்ப்பித்தாலன்றி இழப்பீடு இல்லை என்பது அன்றைய நெறி. ஒருவர் தம் நிலத்தில் தேக்கிய நீர் தப்பிப் பிறருக்குத் தீங்கு செய்தால், தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் அவரே பொறுப்பு என்று இங்கிலாந்தில் 1868 இலேயே ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் வழக்கில் தீர்ப்பாயிற்று. அமெரிக்க மாநிலங்கள் பல அதைப் பின்னரே ஏற்கத் தொடங்கின. அம்மாற்றத்தில் ஜான்ஸ்டவுனுக்குப் பங்குண்டு என்பர் சட்ட வரலாற்றாளர் சிலர்.

இன்னொரு தீர்ப்பு மேலும் தாமதமாக வந்தது. 1891 இல் வெளியான அமெரிக்கப் பொறியாளர் சங்க அறிக்கை, முதலில் கட்டியவாறே இருந்திருந்தாலும் அந்தக் கரை உடைந்தே இருக்கும் என்றது. 2016 இல் வெளியான ஆய்வொன்று இதை மறுத்தது. கரை தாழ்த்தப்பட்டமையால் மிகுநீர் வெளியேறும் திறன் பாதிக்கும் கீழே குறைந்திருந்தது என்றும், பழைய அமைப்பைச் செவ்வனே மீட்டிருந்தால் கரை அன்றைய வெள்ளத்தைத் தாங்கியிருக்கக் கூடும் என்றும் அது காட்டியது. மழையின்மேல் போட்ட பழி, 125 ஆண்டுகளுக்குப் பின் வண்டிப் பாதையின்மேல் திரும்பியது.

இன்று அங்கே ஏரியில்லை. கரையின் இரு முனைகள் மட்டும் நிற்கின்றன. நடுவில் பெரும் இடைவெளி. 1964 முதல் அது தேசிய நினைவிடம். ஜான்ஸ்டவுனின் கல்லறைத் தோட்டத்தில், அடையாளம் காணப்படாதோர்க்காகப் பெயரற்ற 777 கற்கள் நடப்பட்டுள்ளன. ஏரி யாருடையது என்பதற்குப் பத்திரம் இருந்தது. அதன் ஆபத்து யாருடையது என்பதற்கு எந்தப் பத்திரமும் இல்லை. அதைக் கீழே இருந்தவர்கள், கேட்கப்படாமலேயே, ஏற்றுக்கொண்டிருந்தனர்.